பெயின்ட் படாத கேட்

எங்கள் குடியிருப்பின் செயலாளர் இராமநாதன் மாமா முப்பது வருடம் ஒரு பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவருக்குப் பெயின்ட் என்றாலே ஆகாது. "அது சுத்த ஏமாத்து வேலை. நானே வித்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்பார். அந்தக் கம்பெனி பிரிவுபசாரத்தில் கொடுத்த வெள்ளித் தட்டு மட்டும் அவர் வீட்டு ஹாலில் இன்றும் பளபளக்கிறது.

கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் கட்டடத்தின் பழைய கேட் துருப்பிடித்து விழுந்தபோது, பெயின்டே தேவைப்படாத எஃகில் புது கேட் செய்யலாம் என்று கமிட்டியைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். அப்படி ஓர் எஃகு உண்மையிலேயே இருக்கிறது. சாதாரண இரும்பில் துரு பொரிந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். இந்த எஃகில் கொஞ்சம் செம்பும் குரோமியமும் சேர்த்திருப்பதால், முதலில் வரும் துரு உதிராமல் தோல் போல இறுகிக்கொள்கிறது. அதைத் தாண்டி ஈரம் எளிதில் உள்ளே போகாது. துருவே இரும்புக்குக் காவல். நனைந்தால் நன்றாகக் காய வேண்டும், உப்பு படக் கூடாது. அவ்வளவுதான்.

மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் போதாது. அவருக்கு டெல்லி இரும்புத் தூண் வேண்டும். "ஆயிரத்து அறுநூறு வருஷமா வெயில்லயும் மழையிலயும் நிக்கறது. யார் பெயின்ட் அடிச்சா?" அந்தத் தூண் வேறு வகை இரும்பு, அதில் பாஸ்பரஸ் அதிகம், டெல்லிக் காற்றும் நம் ஊர்க் காற்றைவிட உலர்ந்தது என்பதெல்லாம் அவர் பேச்சில் வராது. லிஃப்டில் அவரிடம் மாட்டியவர்கள் பத்தாவது மாடி வரை தூணோடுதான் போக வேண்டும்.

கேட் முதலில் ஆரஞ்சு நிறமானது, பிறகு காபிக்கொட்டை நிறத்தில் இறுகியது. மாமா காலையில் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார். "இதுல பிரஷ் பட்ட அன்னிக்கே நான் செயலாளர் இல்லை" என்று கமிட்டியில் சபதமும் செய்திருந்தார். அது சின்ன சபதமில்லை. அந்தப் பதவி போனால் காலையில் அவர் பேன்ட் போட்டுக்கொள்ளக் காரணமே இருக்காது.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது, கேட்டின் இடது மூலை மட்டும், கீல் பக்கம், பிஸ்கட் போல உதிர ஆரம்பித்தது. ஒரு புச்கா, அதாவது பானிபூரி, நுழையும் அளவுக்கு ஓட்டை. மற்ற இடமெல்லாம் கல் போல இருந்தது. துர்கா பூஜைக்கு முன் பொதுக்கூட்டம் கூடியது.

மூன்றாம் மாடி மதுவந்தி, கணக்கு டீச்சர், முதலில் எழுந்தார். இங்கே எல்லோரையும் போல அவரும் மாமாவை அண்ணன் என்ற முறையில் பெங்காலி வழக்கப்படி 'தா', 'தாதா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"ராமநாதன்தா, பூஜைக்கு முன்னாடி பச்சை பெயின்ட் அடிச்சுடலாம். கேட் கழண்டு யார் தலையிலயாவது விழறதுக்கு முன்னாடி."

மாமா தூணில் தொடங்கி உப்புக்கு வந்து சேர்ந்தார். "இந்த எஃகுக்குப் பெரிய எதிரி உப்பு. நியூ டவுன்ல கடல் எங்க இருக்கு? யாரோ அந்த மூலையில உப்புத் தண்ணி கொட்டறா. மீன் கழுவின தண்ணியோ என்னவோ."

"மீனை நாங்க சாப்பிடறோம் தாதா. கேட்டுக்கு ஊட்டறதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரைப் பார்த்துச் சிரித்தது கோமளம் மாமிக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்தார். கொல்கத்தாவிலேயே பிறந்தவர், கோபம் வந்தால் பெங்காலிதான் வரும்.

"அந்த கேட்டை நாங்க எப்படிப் பாத்துக்கறோம் தெரியுமா? எல்லார் கண்ணும் படறதுன்னு இவர் சொன்னதுலேர்ந்து, வெள்ளிக்கிழமை தவறாம கல் உப்பால திருஷ்டி சுத்தி, தண்ணில கரைச்சுக் கொட்டறேன். கால் படாத இடத்துல கொட்டணும்னு இவரேதான் அந்த மூலையைக் காட்டினார்."

பெங்காலியில் உப்புக்கு 'நூன்' என்று பெயர். ஹாலில் அந்தச் சொல் புரியாதவர் யாருமில்லை.

மதுவந்தி மெதுவாகக் கேட்டார். "எவ்வளவு போடுவீங்க, அண்ணி?"

"சாதாரணமா ஒரு பிடி. விருந்தாளி நிறைய வந்த வாரம் ரெண்டு."

பச்சை பெயின்டுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. பச்சை லட்சுமிகரம் என்று மாமியும் தூக்கினார்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்ன சொல் சொன்னதுதான். நான் விலகிக்கறேன்."

"சரி தாதா" என்ற மதுவந்தி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "லிஃப்ட் மெக்கானிக்கைத் துரத்தறது, தண்ணி டேங்க், வாட்ச்மேன் லீவு. யார் எடுத்துக்கறீங்க?"

உயர்ந்திருந்த கைகள் அத்தனையும் செல்போனுக்கு இறங்கின. மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்த விஷயம் என்ன?" என்றார்.

இரண்டு நாளில் பெயின்டர் வந்தார். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "முதல்ல நன்னா சுரண்டு. அப்புறம் ப்ரைமர். ப்ரைமர் இல்லாம பெயின்ட் அடிக்கறவனை நான் மனுஷனாவே மதிக்கறதில்லை." ஓய்வு பெற்ற பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்ததில்லை. டெல்லித் தூண் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை வரவில்லை.

கேட் இப்போது கிளிப்பச்சையில் கண்ணைப் பறிக்கிறது. முன்பைவிட அதிகம் பேர் திரும்பிப் பார்க்கிறார்களாம். அதனால் மாமி உப்பை இரண்டு பிடியாக்கிவிட்டார். இடது மூலை ராசியில்லை என்று மாமா வலது மூலையைக் காட்டியிருக்கிறார்.