தொதல் வந்த நாட்கள்

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாவல் படிப்பிப்பது சும்மா வேலையில்லை. இடைவேளைக்கு மண்ணில் புரண்டு வியர்வையோடு வந்து குந்தியிருப்பவர்களிடம் "இந்தக் குடை வெறும் குடை இல்ல" என்றால் எவன் கேட்பான்? தில்லையடிப் பாடசாலையில் ரம்ஸியா டீச்சர் கேட்க வைத்தாள். பாடத்துக்கு வந்த நாவலில் ஒரு சிவப்புக் குடை இருந்தது. அது விரியும்போதெல்லாம் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் போய்விடும். முதலில் மூத்த மகன் போனான், பிறகு தகப்பன் போனார்.

"ஒருக்கா வந்தா அது சாமான். ரெண்டாந்தரம் வந்தா நிமிந்து பாருங்க. திரும்பவும் வந்தா, எழுதினவர் அதை வச்சு உங்களோட கதைக்கிறார்," என்பாள் அவள். குறியீடு என்ற சொல்லைக் கடைசியில்தான் கரும்பலகையில் எழுதுவாள். அதற்குள் பிள்ளைகள் குடையைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கியிருப்பார்கள்.

கடைசி அத்தியாயத்தில் தாயும் வீட்டை விட்டுப் போகிறாள். மழை கொட்டுகிறது. குடை ஆணியில் தொங்குகிறது, அவள் அதைத் தொடவில்லை.

"ஏன் டீச்சர் எடுக்கல்ல?" என்று அர்கம் கேட்டான். வகுப்பிலேயே பெரிய வாய்க்காரன் அவன்.

"நாளைக்குச் சொல்றன்" என்று ரம்ஸியா சமாளித்தாள். கிழமைகள் போயும் அந்த நாளை வரவில்லை.

அவள் புருஷன் பாயிஸ் பாலாவியில் உப்பு லொறிகள் ஓட விட்டிருந்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமென்றால் அவனுக்கு முன்வரிசைக் கதிரை. வெளியில் அவன் கதையைக் கேட்டால் உருகிப்போவீர்கள். வீட்டுக் கதவைச் சாத்தினால் கைதான் கதைக்கும். லொறி பழுதானாலும் அடி, கறி ஆறிப்போனாலும் அடி, இன்னும் பிள்ளையில்லையா என்று தெருவில் எவராவது கேட்டுத் தொலைத்தாலும் அடி. தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதுவான். விழுந்தால் வயிற்றில் மிதிப்பான். ஒருமுறை விலா எலும்பு வெடித்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அங்கிருந்த தாதி மிஸ்ஸி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.

மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது. மறுநாள் விடியக் கடையிலிருந்து தொதல் வரும், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு. கறுப்பாக, எண்ணெய் மினுங்க, முந்திரிக் கஜு பதித்து, அட்டைப் பெட்டியில் மேசைமேல் இருக்கும். அது அவளுக்குத் தொண்டையில் இறங்காது. சாப்பாட்டை எறிவது பாவம். ஆகவே வகுப்புக்குக் கொண்டுபோய், கோடு போடும் இரும்பு அடிமட்டத்தைக் கழுவி, அதாலேயே துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். முகத்தில் காயமிருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்வாள். கேட்பவர்களுக்குத் தடிமன், சளி என்பாள்.

அவனை விட்டுவிட்டு வருவதற்கு உம்மா வீடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. ஆனால் உம்மா தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர். உடுத்த உடுப்போடு வந்து இங்கே ஓலைக் கொட்டிலில் ரம்ஸியாவைப் பெற்றவர். மகள் அழுதுகொண்டு போய் நின்ற நாளில் அவர் கதவுக்குக் குறுக்கே நின்றுதான் கதைத்தார். "ஒரு வீட்டை விட்டு வெறுங்கையோட வெளியேறினது எனக்குப் போதும் மகள். நீங்களும் வெளியேற வேணாம்." அதோடு ரம்ஸியா அந்தக் கதையை எடுக்கவில்லை. வீடென்றால் என்னவென்று உம்மாவுக்குத் தெரியாதா என்று நினைத்தாள்.

அன்று புதன்கிழமை. முதல்நாள் அடியில் வாயோரம் கிழிந்திருந்தது. மாஸ்க்கும் தொதலுமாக வகுப்புக்கு வந்தாள். எல்லோரும் தின்று கை நக்கிய பிறகு, "நாவலை மூடி வைங்க. உங்களைச் சுத்திப் பாருங்க. திரும்பத் திரும்ப வந்து ஏதாவது சொல்ற சாமான் ஒண்டு சொல்லுங்க பாப்பம்," என்றாள்.

அர்கம் எழும்பினான். "எங்கட வாப்பா சலூனுக்குப் போனா பெருநாள் வந்துட்டெண்டு அர்த்தம்." வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

முன்வாங்கில் இருக்கும் சப்னா கையை உயர்த்தினாள். வாய் திறவாத பிள்ளை. "தொதல், டீச்சர்."

"தொதல் என்ன சொல்லுது?"

"தொதல் வாற நாளில உங்களுக்குத் தடிமன். மாஸ்க் போட்டுட்டு வருவீங்க. ஆனா ஒருக்காவும் தும்மமாட்டீங்க."

சிரிப்பு நின்றது. முப்பது சோடிக் கண்களும் மாஸ்க்கில் வந்து விழுந்தன. கை எப்போது உயர்ந்ததென்று ரம்ஸியாவுக்கே தெரியாது. இரும்பு அடிமட்டம் சப்னாவின் கன்னத்தில் பளீரென்று இறங்கியது. விளிம்பு பட்ட இடத்தில் இரத்தம் கோடாகக் கசிந்தது. தொதல் எண்ணெய் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அதுவரை ஒரு பிள்ளையை அவள் தொட்டதில்லை.

சப்னா அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "பிழையா டீச்சர்?" என்று கேட்டாள்.

பாடசாலை விட்டதும் ரம்ஸியா நேரே சந்திக் கடைக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு எதையாவது கொடுத்துச் சரிக்கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. கடைக்காரர் செய்னுலாப்தீன் நானா பெட்டியைக் கட்டிக்கொண்டே, "உங்கட அவரும் காலையில வந்து வாங்கினாரே. உங்களுக்கெண்டா உசிர விடுவார்," என்று சிரித்தார்.

ரம்ஸியா நீட்டிய கையைப் பார்த்தாள். அடித்த கை. அதே கை தொதல் வாங்க வந்து நிற்கிறது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாயிஸை வெறுத்ததைவிட அந்த நேரம் தன்னை வெறுத்தாள். "வேணாம் நானா," என்று சொல்லிவிட்டு வெளியில் இறங்கினாள்.

வீட்டில் பாயிஸ் காத்திருந்தான். வகுப்பில் நடந்ததைப் பாடசாலை அதிபர் தொலைபேசியில் ஓதிவிட்டிருந்தார்.

"என்ட வீட்டுக் கதைய எட்டாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறியாடி?"

கதவு சாத்துமுன்னமே முதல் அடி விழுந்தது. கதிரையைத் தூக்கி முதுகில் போட்டான், கதிரைக் கால் முறிந்தது. முறிந்த காலை எடுத்துத் தோளில், கையில், முகத்தில் மாறி மாறி அடித்தான். பல்லொன்று கழன்று நாக்கில் உருண்டது. அவள் அதைத் துப்பினாள், இரத்தம் சீமெந்துத் தரையில் தெறித்தது. வேறு நாளென்றால் அல்லாஹ்வுக்காக விடுங்க என்று அவன் காலைப் பிடித்திருப்பாள்.

"நாளைக்குத் தொதல் வாங்காதீங்க," என்றாள்.

பாயிஸின் கை அந்தரத்தில் நின்றது. அவன் முகத்தில் பயத்தைக் கண்டது அன்றுதான். பயந்தவன் இன்னும் மூர்க்கமாக அடித்தான். அவள் மயங்கும்வரை அடித்தான்.

விடிந்தபோது அவன் பாலாவிக்குப் போய்விட்டிருந்தான். மேசையில் பெட்டி இருந்தது. வேறென்னத்தை அறிவான் அவன்? ரம்ஸியா சுவரைப் பிடித்துப் பிடித்து முகம் கழுவி, அபாயா போட்டாள். மாஸ்க் கதவோரம் ஆணியில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தொடாமல் வெளியில் நடந்தாள். தெருவில் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

வகுப்பில் பிள்ளைகள் முதலில் அவள் கையைத்தான் பார்த்தார்கள். கையில் ஒன்றுமில்லை. பிறகு நீலமாய் வீங்கிய முகத்தைப் பார்த்தார்கள். பின்வாங்கில் ஒரு பிள்ளை விம்மியது. ரம்ஸியா சப்னாவின் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து நீங்க சொன்ன விடை சரி, மகள். அடிச்சது என்ட பிழை. அதுக்குத் தொதல் கொண்டுவரல்ல. எல்லாருக்கும் முன்னால சொல்லத்தான் வந்தன்."

சப்னா எழும்பி நின்றாள். தலையை ஆட்டினாள்.

"டீச்சர்," என்றான் அர்கம் மெதுவாக, "அந்தக் குடை எனக்கு விளங்கிட்டு."

"எனக்கும் இண்டைக்குத்தான் விளங்கினது," என்றாள் அவள்.

பாடம் முடிந்து வெளியில் வர, பக்கத்து வகுப்பு முனவ்வரா டீச்சர் பொலிஸுக்குப் போக ஆட்டோ பிடித்து வாசலில் நின்றாள். பொலிஸில் பெண்கள் பிரிவில் எல்லாவற்றையும் சொல்லி முடிய மத்தியானமாகிவிட்டது. வழுக்கி விழுந்த கதையையும் திருத்திச் சொன்னாள். பிறகு உம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

உம்மா கதவை அரைவாசி திறந்து, அன்றைப்போலவே குறுக்கே நின்றார். "வெறுங்கையோட..." என்று தொடங்கியவர் மகளின் முகத்தைக் கண்டார்.

"ஓம் உம்மா. வெறுங்கையோடதான் வெளியேறி வந்திருக்கன்."

உம்மா தள்ளி நின்று, மற்றக் கதவையும் திறந்துவிட்டார்.