பின்லாந்தில் மழை

ரஷ்த் நகரத்துக்கும் அன்சலித் துறைமுகத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டும் ஹூஷங் அந்தப் பாதையை விட்டு வேறெங்கும் போனதில்லை. அன்சலியில் கடல் வந்துவிடும்; வண்டியைத் திருப்பிவிடுவார். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து, தகரக் கூரையில் மழை சீராக விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஜன்னலோர மெத்தையில் சாய்ந்து போனைத் திறப்பார். ஒரு நாள் ருமேனியா. இன்னொரு நாள் மால்டோவா. பெரும்பாலும் பின்லாந்து.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவள் அவர் மனைவி தூரான். அவள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். எங்கள் ஊர் அழகு நிலையங்களில் புருவம் திருத்துவது பாதி வேலைதான்; அரசு தடுத்த பக்கங்களைத் திறக்கும் வி.பி.என்.களில் நேற்று எது செத்தது, இன்று எது உயிரோடு இருக்கிறது என்று கைமாற்றிக்கொள்வது மீதி வேலை. முதலில் வி.பி.என்.னைப் போட வேண்டும், அது பிடித்துக்கொண்ட பிறகே டோர் என்ற உலாவியைத் திறக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்திருந்தாள். டோரின் அடையாளப் படம் ஒரு வெங்காயம். அதனால் வீட்டில் அதற்குப் பெயரே வெங்காயம்தான்.

“ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?” என்று அவர் அப்போது கேட்டார்.

“வி.பி.என். மட்டும் போட்டா, அத நடத்துறவனுக்கு நீ எங்க போறேன்னு தெரியும். வெங்காயத்த மட்டும் தொறந்தா, நீ வெங்காயம் உரிக்கிறேன்னு இங்க லைன் குடுக்குறவனுக்கு வாசன அடிச்சிடும். ரெண்டும் சேந்தா, இங்க இருக்கவனுக்கு நீ போற இடம் தெரியாது, அங்க இருக்கவனுக்கு நீ யாருன்னு தெரியாது, ஏதோ ஒரு நாட்டுக்காரன்னு நெனச்சுப்பான்.”

“எனக்காவது தெரியுமா?”

“உனக்கு எப்பத்தான் என்ன தெரிஞ்சிருக்கு, ஹூஷங் ஜான்” என்றாள் செல்லமாக.

அவர் போகிற இடம் ஒன்றே ஒன்று. வியன்னாவில் இருக்கும் தங்கை மாஹ்லகாவின் இணையப் பக்கம். வெள்ளிதோறும் ரஷ்த்தைப் பற்றி எழுதுவாள்: புகை போட்ட அரிசி, ஊறுகாய்ப் பூண்டு, மழையில் ஊறிய செங்கல் வாசனை. அந்த ஊர் வானொலி ஒன்றில் அவள் அரசுக்குப் பிடிக்காத ஏதோ பேசப்போய், இங்கே அவள் பக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். ஹூஷங்கையும் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தேநீர் கொடுத்து, மிகவும் மரியாதையாக, தங்கையோடு பேச்சு வைத்துக்கொண்டால் வண்டி ஓட்ட முடியாது என்றார்கள்.

அன்று சாயங்காலமே மாஹ்லகா போன் செய்தாள். “தாதாஷ்” என்று ஆரம்பித்தாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். லைனில் வேறு காதுகள் இருக்கும் என்று பயந்து ஹூஷங் சொன்னார்: “இனிமே இங்க போன் பண்ணாத. எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல.”

அந்தப் பேச்சு வேறு காதுகளுக்கானது என்று அவளுக்குப் புரியும் என நினைத்தார். அவள் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. புரிந்துகொண்டாளா, நம்பிவிட்டாளா என்பது தெரியாமல் மனுஷன் வருடக்கணக்காகச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

இரண்டு திரைகளுக்குப் பின்னால் பக்கம் மெதுவாகத்தான் வரும். படம் மேலிருந்து கீழே இறங்கும்: முதலில் கூந்தல், அப்புறம் நெற்றி. கண் வருவதற்குள் ஹூஷங்குக்குத் தூக்கம் வந்துவிடும். தூக்கத்தில் அவர் மினிபஸ் பனிக்காட்டில் போகும். நிறுத்தம் தோறும் மாஹ்லகா ஏறுவாள். ஒன்பது வயதில் ஒருத்தி, இருபதில் ஒருத்தி. யாரும் அவரிடம் பேசுவதில்லை. கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை படம் வரவில்லை. எழுத்து மட்டும் வந்தது.

“பக்கத்தின் அடியில் ஓர் உலக வரைபடம் வைத்திருக்கிறேன். வாசகர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி எரியும். பின்லாந்தில் எரிகிறது. அது பின்லாந்துக்காரரா, திரை போட்டு வரும் என் ஊர்க்காரரா, வெறும் இயந்திரமா, எனக்குத் தெரியவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் வீட்டுக்கே நான் வேண்டாதவள். பிறகு யாருக்காக எழுதுகிறேன்? அடுத்த வெள்ளியோடு நிறுத்திக்கொள்கிறேன்.”

ஹூஷங் அதை இரண்டு முறை படித்தார். ஒரே ஒரு புள்ளியை ரஷ்த்தில் எரியவைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. வெங்காயத்தை மூடினார், வி.பி.என்.னை அணைத்தார், வெறும் போனில் அவள் பக்கத்தைத் தட்டினார். அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்து நின்றது. புள்ளி எரியவில்லை. தட்டியவன் யார் என்பது மட்டும் வேண்டாத இடத்தில் பதிந்திருக்கும்.

தூரானுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “திருடன் வீட்டுக்கே போய் நம்ம வீட்டு விலாசத்தக் குடுத்துட்டு வந்திருக்க.”

“அவ நிறுத்திட்டான்னா நான் எங்க போய்ப் பாப்பேன் அவள?”

 தூரான் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, போனை வாங்கி, இரண்டு திரைகளையும் தானே வரிசையாகப் போட்டாள். பக்கத்தின் அடியில் கருத்து எழுதும் பெட்டி இருந்தது. ஹூஷங் “மாஹ்லகா, நான்தான்” என்று ஆரம்பித்தார். தூரான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெர வீட்டத்தான் மறைக்கும். உன் வாய மறைக்காது.”

அவர் அழித்தார்.  வரைபடத்தில், ஏரிகளுக்கு நடுவே, அவருடைய புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு விரலால் தட்டினார். “நான் பின்லாந்துக்காரன். இங்கே மழை விடவே இல்லை. பாகலா கத்தோக் குழம்பில் பூண்டு குறைச்சல் என்று இன்று மனைவியோடு சண்டை. கொல்லைக் கதவு இந்த வருடமும் ஊதிக்கொண்டது. தோளால் இடித்துத்தான் திறக்கிறேன்.”

“பின்லாந்துல ஏது பாகலா கத்தோக்?” என்றாள் தூரான்.

“அதான்.”

“பூண்டு ஒண்ணும் கொறையல.”

மறுநாள் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “மால்டோவாவிலும் அதே மழை. துணி காயவில்லை. கடைத்தெருவில் மீன் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.” இன்னொருவர்: “நாங்கள் ஐஸ்லாந்து. பச்சைப் பூண்டு வந்துவிட்டது, அக்கா.” வாரம் முடிவதற்குள் பாதி ஐரோப்பா ரஷ்த் பாஷையில் புலம்பிக்கொண்டிருந்தது. படித்துப் படித்துத் தூரான் சிரித்தாள். தன் கடைக்கு வருகிறவர்களில் யார் மால்டோவா என்று அவளுக்குச் சந்தேகம்.

வெள்ளி வந்தது. ஹூஷங் அன்று தூங்கவில்லை. படம் மேலிருந்து இறங்கியது: கூந்தலில் நரை, நெற்றி, கண்கள். அழுத கண்கள். அதன் கீழே எழுத்து.

“பின்லாந்துக்காரரே, அந்தக் கதவை இடிக்காதீர்கள். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, உங்கள் பக்கம் இழுத்துவிட்டுத் தள்ளுங்கள். சின்ன வயதில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் தானே மறந்துவிடுவார், எப்போதும் தோளைக் கொடுப்பார். அந்தத் தோளில் உட்கார்ந்துதான் நான் கடல் பார்த்தேன். அதை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வெள்ளி எழுதுகிறேன்.”

ஹூஷங் போனை மெத்தையில் கவிழ்த்து வைத்தார். கொல்லைப் பக்கம் போய், கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி இழுத்துவிட்டுத் தள்ளினார். கதவு திறந்துகொண்டது.

“இந்த மழையில எங்க கெளம்பிட்ட?” என்று தூரான் உள்ளிருந்து கேட்டாள்.

 முகம் முழுக்க மழை வழிய, அவர் கொல்லைப் படியில் நின்று, திறந்த கதவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.