தாக்யோ செய்த ஒரே உபகாரம்

நவோத்தாஸ் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் கிளிசேரியாவின் வீட்டை இடிக்க ஆள்கள் வருவதற்கு முந்தைய மாலை, அவளுடைய கணவன் தாக்யோ இறந்துபோனான். அவர்களுடைய மணவாழ்க்கையில் அவன் உரிய நேரத்தில் செய்த முதல் காரியம் அதுதான்.

அவன் அவளுடைய வீட்டில் இறக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அவளைக் கைவிட்டு, மீன்சந்தைக்கு அப்பால் பூரிசிமா என்பவளோடு குடித்தனம் நடத்தப் போயிருந்தான். தூய்மையிலும் தூயவள் என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டிய பாதிரியார் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்பது கிளிசேரியாவின் கருத்து. அவ்விருவரும் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று அவள் தெருவறியச் சபதம் செய்திருந்தாள். இப்போது யோசித்துப் பார்த்தாள். பெட்டியில் வைத்துத் தூக்கிவரப்படுபவன் எந்தப் படியையும் மிதிப்பதில்லை. சட்டப்படி மனைவி அவள்தான். இரவோடிரவாக ஆளனுப்பி, அழுதுகொண்டிருந்த பூரிசிமாவிடமிருந்து சடலத்தை வரவழைத்து, கெடாதிருக்க மருந்தேற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அந்த வீட்டைக் காப்பாற்ற அவள் இதைவிட மோசமான காரியங்களையும் செய்திருப்பாள். குவைத்தில் வீட்டுவேலை செய்து, அனுப்பிய காசில் ஒவ்வொரு சுவராக எழுப்பிய வீடு அது. அவளுடைய கடவுச்சீட்டு அங்கே எஜமானியின் நகை அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. அவளோ துணி தேய்க்கும் அறையின் தரையில் படுத்திருந்தாள். ஒவ்வொரு சுவருக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒரு மாதம் முழுவதும் தூங்கவிடாமல் சமைக்கவைத்த காசில் எழுந்தது ரமலான் சுவர். படுக்கையில் கிடந்த கிழவருக்குக் கழுவிவிட்ட காசில் எழுந்தது கிழவர் சுவர். அடுப்பு அதன்மேல்தான் சாய்ந்திருந்தது.

சுவர்கள் அவளுடையவை, நிலம் தன்னுடையது என்று ஒரு நிறுவனம் திடீரென்று சொன்னது. அங்கே கிடங்கு கட்டப்போகிறார்களாம். குடியிருந்தவர்களுக்குத் தண்ணீரும் வேலையும் இல்லாத ஏதோ ஒரு மலையடிவாரத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தெருவார் கொடுத்த மனுவை நீதிமன்றம் திங்கட்கிழமை விசாரிக்கவிருந்தது. ஆகவே அதற்குள் இடித்துவிடுவதென்று நிறுவனம் தீர்மானித்தது. வரிசையில் முதல் வீடு கிளிசேரியாவுடையது.

வியாழக்கிழமை காலை நிறுவனத்தின் மேலாளர் விலாருவேல், இடிக்கும் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தின் தலைவன் நிசோ சுத்தியலோடு உள்ளே போனான். மெழுகுவத்திகளுக்கு நடுவே கண்ணாடி மூடிய பெட்டியைக் கண்டான். தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னடா நிக்கறே? அடி!"

"உள்ள சாவு சார்."

"செத்தது ஆளுதானே? சுவருக்கு என்ன?"

"சாவு வீட்டுல துடைப்பமே எடுக்கக் கூடாது சார். எடுத்தா, எடுத்தவன் குடும்பத்துல ஒவ்வொருத்தராப் போயிடுவாங்க. நீங்க சுத்தியலை எடுங்கறீங்க. சரி, முதல் அடி நீங்க போடுங்க. பின்னாலேயே நாங்க வரோம்."

நிசோ சுத்தியலை மரியாதையோடு நீட்டினான். விலாருவேல் அதைப் பார்த்தார். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்; அந்தத் தாய் இன்னும் உயிரோடு இருந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வந்தவர்களை உபசரிக்காமல் விடுவது முறையன்று. இடிக்க வந்தவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் வறுத்த தர்ப்பூசணி விதையும் வந்தன. சாவு வீட்டுச் சீட்டாட்டத்தைப் போலீசாரும் கண்டுகொள்வதில்லை என்பதால், சற்று நேரத்தில் சுத்தியல்கள் மூலையில் சாய்ந்தன; சீட்டுகள் மேசைக்கு வந்தன.

"அடுத்த மாசம் எங்க தெருவையும் இடிக்கறாங்களாம் அக்கா" என்றான் நிசோ, விதையைக் கடித்தபடி.

"யாருடா இடிக்கப் போறா?"

"தெரியலை. நானாக்கூட இருக்கலாம்."

வெள்ளிக்கிழமை விலாருவேல் கருணையே உருவாக வந்தார். சவ வண்டி, மலர்வளையம், கல்லறையில் இடம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. அடக்கத்தை அன்றே முடித்துவிடலாம் என்றார்.

"உங்க மனசு தங்கம் சார்" என்று கிளிசேரியா கைக்குட்டையால் வறண்ட கண்களைத் துடைத்தாள். "ஆனா மக ரியாத்துல வேலை செய்யறா. அவ வந்து அப்பா முகத்தைப் பாக்காம எப்படிப் புதைக்கறது?"

கடல்கடந்து உழைக்கும் பிள்ளைக்காகப் பிணம் காத்திருப்பது அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கிளிசேரியாவின் தாயும் ஒருமுறை அப்படிக் காத்துக் கிடந்தாள். "நீ போனா எழுந்து உக்காரப் போறாளா?" என்று கேட்ட குவைத் எஜமானி, தேய்ப்பதற்கு மேலும் ஒரு கூடைத் துணியைக் கொடுத்தாள். தாயைக் குழியில் இறக்கியதைக் கிளிசேரியா தொலைபேசியில் காதால்தான் கேட்டாள்.

அன்று மாலை அவள் மகள் லிகாயாவை அழைத்தாள்.

"உங்க மேடம்கிட்ட லீவு கேளு. ஆனா வாங்கிடாதே."

"அது என்னம்மா, கேக்கணும், வாங்கக் கூடாதா?"

"அவ குடுக்கமாட்டாடி. எவ குடுத்திருக்கா? திங்கக்கிழமை வரைக்கும் குடுக்காம இருந்தாப் போதும்."

வளைகுடா நாட்டு எஜமானிகளின் கல்நெஞ்சத்தின்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை அசைக்க முடியாதது. அது சனிக்கிழமை பிற்பகலில் அசைந்தது. பெட்டியும் கையுமாக லிகாயா வாசலில் நின்றாள்.

"அம்மா! சொல்லி வாயை மூடல, டிக்கெட் போட்டுட்டாங்க. அழுதுட்டாங்கம்மா!"

"நாசமாப் போறவ! நல்லவளா மாற இன்னிக்குத்தானா அவளுக்கு நேரம் கெடச்சுது?"

விலாருவேல் முகம் மலர்ந்து லிகாயாவுக்கு அனுதாபம் தெரிவித்தார். "மகளும் வந்தாச்சு. நாளைக்குக் காலையிலே பூசை, அப்புறம் அடக்கம். நானே பாதிரியார்கிட்ட சொல்லிடறேன்." அடக்கம் முடிந்தால் அந்த வீடு வெறும் வீடு. அதன்மேல் சுத்தியல் படலாம்.

கிளிசேரியா மீன்சந்தைக்குப் போனாள். பூரிசிமா பால்மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொணத்தைத் தூக்கிட்டுப் போனே. இன்னும் என்ன மிச்சம், அவன் செருப்பா?"

"உன் மகன் கப்பல்லதானே இருக்கான்?"

"என் மகனா? முறைதவறிப் பொறந்ததுன்னு தெரு முழுக்கக் கத்தினியே, அதுவா?"

"அதுதான். எங்க இருக்கு கப்பல்?"

பூரிசிமாவின் கத்தி நின்றது. அவள் மந்தமானவள் அல்லள்.

"பிரேசில் பக்கம். வந்து சேர மாசக்கணக்காகும். அவன் வரவரைக்கும் பொணம் இருக்கணும், அதானே உனக்கு?"

"ஆமா. வீட்டுக்கு வந்து அழு."

"யாரா வந்து அழறது? பக்கத்துத் தெருக்காரியாவா? என் மகன் அமாதோ, தாக்யோ பெத்த புள்ளைன்னு நீ சொல்லணும். உன் வாயாலே, தெருவே கேக்க."

கிளிசேரியா ஆகட்டும் என்று தலையை அசைத்தாள். குவைத்தில் கிழவருக்குக் கழுவிவிட்டதுகூட அவளுக்கு இதைவிடச் சுலபமாக இருந்தது.

"தலைமாட்டுல நாற்காலி வேணும்" என்றாள் பூரிசிமா.

"கால்மாட்டுல."

"தலைமாட்டுல."

"சரி, வந்து தொலை."

ஞாயிற்றுக்கிழமை காலை சவ வண்டி சந்தின் முனையில் நின்றது. பாதிரியாரும் விலாருவேலும் சீட்டாடிக்கொண்டிருந்த இடிக்கும் கூட்டமும் பார்த்திருக்க, கிளிசேரியா பூரிசிமாவின் கையைப் பிடித்துப் படியேற்றினாள். கீரைக்குக் கூவும் குரலில் அறிவித்தாள்:

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவ மகன் அமாதோ, என் புருஷனோட புள்ளை. ஒரே ஆம்பளைப் புள்ளை. அவன் வராம பெட்டி நகராது!"

பூரிசிமா நாற்காலியில் அமர்ந்து உண்மையாகவே அழுதாள். அந்த வீட்டில் தாக்யோவுக்காகச் சிந்தப்பட்ட முதல் கண்ணீர் அதுதான். அது கிளிசேரியாவைச் சற்றே சங்கடப்படுத்தியது.

"கப்பல் எங்கே இருக்கு?" என்று கேட்டார் விலாருவேல்.

"பிரேசில்கிட்ட சார்" என்றான் நிசோ, சீட்டைக் கலைத்தபடி. "இல்லேன்னா அதுக்கு எதிர்ப்பக்கம். பெரிய கடல் சார்."

திங்கட்கிழமை நீதிமன்றம் விசாரணை முடியும்வரை இடிக்கக் கூடாது என்று தடை விதித்தது. தடை வந்தது, நிலம் வரவில்லை. ஆயினும் ரமலான் சுவரும் கிழவர் சுவரும் நின்றன.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், தாக்யோ அமாதோவுக்காக உண்மையாகவே காத்திருந்தான். உயிரோடிருந்தபோது அவ்வளவு நாள் அவன் அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் தங்கியதே இல்லை. லிகாயாகூட ரியாத்துக்குத் திரும்பிவிட்டாள். அமாதோ தகப்பனின் மூக்கோடு வந்து இறங்கியபோது, தகப்பனின் சொந்த மூக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

அடக்கம் முடிந்து நேராக வீட்டுக்கு வரக் கூடாது; செத்தவன் பின்தொடர்ந்து வந்துவிடுவான். ஆகவே இரு பெண்களும் நூடுல்ஸ் கடை ஒன்றில் நுழைந்து உண்டு, தாக்யோவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டை அடைந்ததும் கிளிசேரியா துடைப்பத்தை எடுத்தாள். பெட்டி இருந்த இடத்தில் விதைத்தோல் குவிந்து கிடந்தது.

"அந்த மூலையை விட்டுட்டே" என்றாள் பூரிசிமா, வாசலில் நின்றபடி.

"வீடு என்னுது. எங்க பெருக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

"உன்னுதுன்னு இன்னும் கோர்ட்டே சொல்லலையே."

கிளிசேரியா நிமிர்ந்தாள். துடைப்பத்தை ஓங்குவாள் என்று எதிர்பார்த்துப் பூரிசிமா ஓரடி பின்வாங்கினாள்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள வந்து முறத்தைப் பிடி" என்றாள் கிளிசேரியா.