தாழி கிடைத்த மேடு

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் முதுமக்கள் தாழி கிடைத்ததென்று, அகழாய்வுக் குழுவோடு படம் வரையப் போயிருந்தேன். இறந்தவர் எலும்பை வைத்துப் புதைத்த அந்தக் காலத்துப் பெரிய பானை அது.

அது கிடைத்த மேடு ஒரு அம்மாவுடையது. கறுத்து மெலிந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்தை இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது தண்ணீர் ஏறாத அந்த மேடுதான் அவருக்கு வந்தது. அதை வயலாக்க வெட்டும்போதுதான் தாழி தட்டுப்பட்டது. நாங்கள் தோண்டத் தொடங்கிய பிறகு தினமும் மண்வெட்டியோடு வந்து, கட்டிய கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கேட்டார்: "பானையை எடுத்துட்டீங்கன்னா எடம் எனக்குத்தானே தம்பி?"

"இல்லம்மா. அரசாங்கம் எடுத்துக்கும். வேலி போடப் போறாங்க."

"குடுத்ததும் அவங்கதானே?"

பக்கத்தில் நின்ற தாலுகா அதிகாரியைப் பார்த்தேன். வேறு நிலம் தருவதாக அதிகாரி சொன்னார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

கடைசி நாள் தாழியை மண்ணோடு வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றினோம். ஒருவர் கை வழுக்கியது. ஓடிவந்து அடியில் கை கொடுத்துத் தாங்கியவர் அந்த அம்மாதான்.

"பாத்துத் தூக்குங்க தம்பி. உள்ள ஆளு இருக்காங்க."

லாரி கிளம்பியது. வேலிக்குக் கம்பி இழுப்பவர்களைப் பார்த்தபடி அந்த அம்மா நின்றார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லாததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.