பன்னிரண்டாவது ஆள்

இங்கிலீஷில் பன்னிரண்டாவது என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் பல அர்த்தம் சொல்லிக்கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு தேதி, பங்கு பிரித்தால் பன்னிரண்டில் ஒரு துண்டு, கிறிஸ்துமஸ் முடிந்து தோரணத்தைக் கழற்றி வைக்கிற பன்னிரண்டாம் நாள். போர்ட் கெரன் ஊருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான்: லைல் பென்ஹேல். இறைச்சிக் கடையில் முதல் ஆளாகப் போய் நின்றாலும் “வாய்யா பன்னெண்டு” என்றுதான் வரவேற்பார்கள். லைலும் சிரித்துக்கொள்வார். வேறு என்ன செய்வது?

கோதுமைக் கிடங்கில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் கிரிக்கெட். வியாழன் சாயங்காலம் கேப்டன் ஹார்ட்லி மளிகைக்கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டுவார். பதினோரு பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே லைல். இருபத்தாறு கோடைகாலமாக அந்தக் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பன்னிரண்டாவது ஆள் மட்டை பிடிக்க முடியாது, பந்து போட முடியாது. எலுமிச்சைச் சர்பத்தை வாளியில் தூக்கிக்கொண்டு போகலாம், ஸ்கோர் பலகையில் தகர எண்களை மாட்டலாம். யாருக்காவது அடிபட்டால் அவர் இடத்தில் நின்று பந்து பொறுக்கலாம். கேட்ச் பிடித்தாலும் ஸ்கோர் புத்தகத்தில் பெயர் ஏறாது, ‘மாற்று ஆள்’ என்று மட்டும் எழுதுவார்கள். எழுதுவது யார் என்றால் அவர் மனைவி வெர்னாதான். ஊருக்கு வஞ்சனை இல்லாமல் அவளும் அப்படியே எழுதினாள்.

ஆனால் லைலுக்கு ஒரு பெருமை உண்டு. அடிபட்டவன் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்னால் இவர் உள்ளே போய் அவன் இடத்தில் நின்றிருப்பார். கேப்டன் கை தூக்கும்வரை காத்திருக்கிற சோம்பேறி இல்லை அவர்.

முதலில் ட்ரவுன்சன். முழங்கால் பிசகி வெளியே வந்தான், லைல் உள்ளே போனார். வியாழக்கிழமை அவன் டிராக்டர் புரண்டு செத்தான். ஆறு வருஷம் கழித்து பாஸ்கோ, வெயிலில் வாந்தி எடுத்து வெளியே வந்தவன். புதன்கிழமை படகுத்துறையில் மீன் பிடிக்கப் போனான், தூண்டில் மட்டும் கிடைத்தது. அப்புறம் கெம்ப்ஸ்டர். சுண்டுவிரல் மூட்டு நழுவியது, அவ்வளவுதான். சுண்டுவிரலுக்கு எவனாவது சாவானா? வெள்ளிக்கிழமை காலை காபி ஆறிக்கொண்டிருக்க நாற்காலியிலேயே போய்விட்டான். மூன்று பேரும் வெளியே வந்த பிறகு ஆறு நாளைத் தாண்டவில்லை, அடுத்த சனிக்கிழமையைப் பார்க்கவில்லை.

யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், மனசுக்குள் பயத்தை வைத்துக்கொண்டு வாயில் கிண்டல் பேசுவார்கள். கெம்ப்ஸ்டருக்குப் பிறகு எவனும் ஆட்டத்தின் நடுவே வெளியே வருவதில்லை. ஒருத்தன் கால் கட்டைவிரல் உடைந்து ஷூவுக்குள் ரத்தம் கட்டிய பிறகும் சாயங்காலம்வரை நொண்டிக்கொண்டே நின்றான்.

“வெளிய வாயேன்டா, லைல் சும்மாதானே உக்காந்திருக்கான்” என்றான் ஒருத்தன்.

“நீ போ முதல்ல. உன் பொண்டாட்டியை நான் பாத்துக்கறேன்” என்றான் அடிபட்டவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பலகை அருகே நின்ற லைலுக்கும் அது கேட்டது. இனி என்ன ஆனாலும் உள்ளே கால் வைப்பதில்லை என்று அன்றைக்கு அவர் மனசுக்குள் முடிவு செய்தார். மூன்று கோடை அந்த முடிவு நிலைத்தது.

நான்காவது கோடையில் அவர் மகன் ராஸ் அணிக்கு வந்தான். வயது இருபத்து மூன்று, தாளில் பெயர் ஆறாவது. அந்த நாட்டில் நடுக்கோடையான ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பந்து ராஸின் காதுக்கு மேலே பட்டது. இரண்டு பேர் அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். லைல் ஓடினார். மகனிடம் ஓடியதாகத்தான் நினைத்தார். நின்று பார்த்தபோது புல்லின் நடுவே ராஸ் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம் அவரைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு போய்விட்டது. தூரத்தில் எல்லைக்கோட்டை ராஸ் அப்போதுதான் தாண்டினான்.

வெர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ராஸ் கண் திறக்கவில்லை. செவ்வாய், புதன் வந்தும் அப்படியே. வியாழன் சாயங்காலம் ஹார்ட்லி தாளும் பசையுமாக வந்தபோது லைல் கடை வாசலில் நின்றிருந்தார்.

“என்னை பதினொண்ணுல போடு.”

“லைல், இந்த வாரம் நீ வீட்ல இரு. பையன் பக்கத்துல இருக்க வேண்டாமா?”

“போடுன்னா போடு. உன்கிட்ட இத்தன வருஷத்துல ஏதாவது கேட்டிருக்கேனா?”

“சரி, பன்னெண்டாவது யாரு? எவன் வருவான் அந்த இடத்துக்கு?”

“யாரும் வேண்டாம். கோட்டைப் போடு, கீழ காலியா விடு.”

“இந்தச் சனிக்கிழமையே ஆடணுமா? பையன் நெலமை...” என்றார் ஹார்ட்லி.

“நாளைக்கு ஆடணும். வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் அவன் இருக்கமாட்டான். அதுக்கு முன்னாடி அவனுக்குப் பதிலா நான் வெளிய வரணும்.”

ஹார்ட்லிக்குப் புரிந்துவிட்டது.  எதிரணிக் கேப்டனுக்கு டெலிபோன் செய்யப் போனார். ஹார்ட்லி என்ன சொன்னாரோ தெரியாது, அறுவடை வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் வந்தார்கள்.

வெள்ளி மதியம் நல்ல வெயில். தரை தகித்து, எதிர்ப்பக்க மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடின. எல்லோரும் வெள்ளை உடுப்பு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். லைல் கெஞ்சிக் கேட்டதால் வெர்னாவும் ஸ்கோர் எழுத வந்திருந்தாள். லைல் தூர எல்லையில் நின்றார். பதினோராவது ஆளாக ஒரு மணி நேரம் நின்றார். அது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார். பத்து பேர். மறுபடி எண்ணினார். பதினொன்று.

தூர எல்லையில் ஒருவன் நின்றான். ஆடுகிற வெயிலில் முகம் தெரியவில்லை. பந்து அந்தப் பக்கம் உருண்டது. அவன் குனிந்து எடுத்து ஒரே எறியாக விக்கெட் கீப்பர் கைக்கு அனுப்பினான். ஹார்ட்லி திரும்பிப் பார்க்காமலே கை தட்டினார்.  லைல் வாய்விட்டு “வந்துட்டான்” என்றார், கடன்காரனைப் பார்த்ததுபோல் இல்லை, காத்திருந்த பஸ் வந்ததுபோல.

தேநீர் வேளையில் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பத்து பேர்தான் வந்தார்கள்.

“நல்லா எறிஞ்ச லைல்” என்று ஹார்ட்லி அவர் தோளைத் தட்டினார். அப்புறம்தான் உலர்ந்த சட்டையையும் அவிழ்த்து வைத்த ஷூக்களையும் கவனித்தார். “நீ எப்பய்யா வெளிய வந்த?”

 அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெலிபோன் செய்தியோடு மளிகைக்கடைக்காரர் சைக்கிளில் வந்து வெர்னாவிடம் பேசிக்கொண்டிருந்தார். வெர்னா பேனாவோடு எழுந்து ஓடிவந்தாள்.

“முழிச்சுட்டான். தண்ணி கேட்டானாம். லைல், கேக்குதா? தண்ணி கேட்டானாம்.”

லைல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து பேர் பார்க்க அழுதார், கூச்சப்படவில்லை.

“வா, வண்டியை எடு, போவோம். அப்பா எங்கன்னு கேப்பான்” என்றாள் வெர்னா.

“போவோம். நான் ஆடினேன்னு அவன்கிட்ட நானே சொல்லணும்.”

“வீட்டுக்குப் போய் சட்டை மாத்திக்கிறியா?”

“வேண்டாம். எனக்கு இன்னும் ஆறு நாள்தான்” என்றார் லைல். அவள் காரின் சாவியைத் தேடிக்கொண்டிருந்ததால் அது அவள் காதில் விழவில்லை.

அந்த ஆறு நாளும் அவர் மகன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். ராஸுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், தான் பிடித்த கேட்சுகளை ஒவ்வொன்றாக, தன் பெயரைச் சேர்த்துச் சொன்னார்.