போடத் தெரியாத கை

முதல் நாள் அந்தப் பளு தூக்குகிற ஷெட்டுக்குள் கால் வைத்ததும் எதுவோ இடிந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன். வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். ஒன்றும் இடியவில்லை. காலேஜ் போகிற வயசுப் பெண் ஒருத்தி, தலைக்கு மேல் தூக்கிய ராடை அப்படியே கீழே விட்டிருந்தாள். ராடின் இரண்டு பக்கமும் ரப்பர் தட்டு. தரையில் மோதி, ஒரு தரம் எம்பி, மறுபடி விழுந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவள். வயசு முப்பத்தாறு. பதினோரு வருஷமாக அதே வேலை. கூண்டு வரிசைக்கு நடுவில் நடந்து முட்டையை எடுத்து அட்டையில் வைக்க வேண்டும். ஒரு அட்டைக்கு முப்பது. ஆறு அட்டை சேர்ந்ததும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் இருக்கிற ரூமில் வைக்க வேண்டும். தூக்குவது யார் வேண்டுமானாலும் தூக்கலாம். வைக்கிறதுதான் வேலை.

ஒரு தரம் தண்ணீர்க் குழாய் ஒழுகி நடக்கிற இடம் ஈரமாகக் கிடந்தது. வழுக்கி விழுந்தேன். கையில் ஆறு அட்டை. முழங்கால் சிமெண்டில் மோதிப் பிளந்துவிட்டது. கையை மட்டும் விடவில்லை. ஒரு முட்டை உடையவில்லை. காலில் ஏழு தையல் போட்டார்கள். பண்ணையைப் பார்க்க யார் வந்தாலும் சூப்பர்வைசர் என்னைக் காட்டி, "கால் போனாலும் அட்டைய உடாதுங்க இந்தம்மா" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஷெட் நடத்துகிற பிள்ளை எங்கள் பண்ணைக்கு உடைசல் முட்டை வாங்க வரும். சேலத்துப் பொண்ணு. இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். காலேஜில் பளு தூக்கிப் பேர் வாங்கியதாம். ஒரு நாள் நான் தீவன மூட்டையைத் தரையிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் வைப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தது.

"அக்கா, இப்படித் தூக்க யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பாங்க. மூட்டை கெடந்துச்சு. தூக்குனேன்."

"முதுகு வளையவே இல்ல. சாயங்காலம் நம்ம ஷெட்டுக்குச் சும்மா வந்து பாருங்களேன். காசெல்லாம் வேண்டாம்."

வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். போனில் சொன்னேன்.

"பண்ணையில தூக்கறது பத்தலையாக்கும்" என்றார்.

"பத்தல" என்றேன்.

சிரித்தார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஷெட் நாமக்கல் போகிற வழியில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்குப் பின்னால். மேலே தகரம். கீழே லாரிக்கு அடிக்கிற பலகையையே பரப்பியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வெறும் ராடைத்தான் கொடுத்தது அந்தப் பிள்ளை. பதினைந்து கிலோ. ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிறவளுக்கு அது துடைப்பம் மாதிரி. தலைக்கு மேல் தூக்கினேன்.

"இப்ப அப்படியே உக்காருங்க."

கையை மேலே நீட்டினபடி குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். பாதியிலேயே தொடை நடுங்கியது. ராடு முன்னால் சாய்ந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனது. அங்கே இருந்த பெண்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். பதினோரு வருஷம் தூக்கியது எங்கே போச்சு என்று தெரியவில்லை.

"பலத்துல தூக்கறதில்லக்கா" என்றது. "ராடு மேல போற நேரத்துல நாம அடியில போய் உக்காந்துக்கணும்."

உட்காருவது ஒரு மாசத்தில் வந்துவிட்டது. தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவதும் ஒரு மாதிரி வந்தது. கீழே போடுவதுதான் வரவில்லை. "போட்டுருங்கக்கா" என்று அந்தப் பிள்ளை சொல்லும். நான் நெஞ்சுக்கு இறக்கி, தொடைக்கு இறக்கி, குனிந்து, சத்தம் வராமல் வைப்பேன்.

"ஏங்க்கா, உள்ள குஞ்சு தூங்குதா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருபத்தைந்து கிலோ ஏற்றிய அன்றைக்கு அது நடந்தது. ராடு தலைக்கு மேல் போய் நிற்காமல் பின்னால் சாய்ந்தது. "விடுங்க, விடுங்க" என்று சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டதுதான். கை விடவில்லை. ராடோடு சேர்ந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். இடது முழங்கை எந்தப் பக்கம் திரும்பியது என்றே தெரியவில்லை. வலி அப்புறம்தான் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். வெளுத்துப் போயிருந்தது.

ஐஸ் வைத்துக் கட்டிவிட்டது. அப்போது என் முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்தது.

"இது என்னக்கா?"

சொன்னேன். ஆறு அட்டை, ஒரு முட்டை உடையவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். எல்லாரும் "அட" என்பார்கள். அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவில்லை.

"கை சரியானதும் வாங்க. ஒரு வாரம் பாப்பேன். அதுக்குள்ள போடப் பழகலேன்னா ராடு தர மாட்டேன். தோள் கழண்டுச்சுன்னா நீங்க பண்ணைக்கும் போக முடியாது. அப்புறம் உங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது."

"சரி அம்மிணி" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கை வலித்தது. அதைவிட, இனிமேல் அங்கே போக முடியாமல் போய்விடுமோ என்பது பெரிதாக இருந்தது. சாயங்காலம் அங்கே இருக்கிற அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பண்ணைக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. அழுகல் முட்டையை அதில்தான் கொட்டுவோம். கொட்டுவோம் என்பது பேச்சுக்கு. நான் அங்கேயும் குந்தி உட்கார்ந்து அட்டையை மெதுவாகத்தான் சாய்ப்பேன். வீக்கம் வடிந்த பிறகு ஒரு நாள், குழி ஓரமாக நின்றேன். ஒரு அட்டையை நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தேன். விடு என்று கையிடம் சொன்னேன். விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். விடவில்லை. எல்லாம் அழுகல். எவனும் கேட்கப் போவதில்லை. அப்படியும் விரல் பிரியவில்லை.

கூட வேலை செய்கிறவள் இன்னும் நாலு அட்டையோடு பின்னால் வந்தாள்.

"ஏனக்கா, சாமி கும்புடறயா?"

விட்டுவிட்டேன். சத்தம் பெரிதாக இல்லை. நாற்றம்தான் எழுந்தது. சேலையில் தெறித்தது.

"கை வழுக்கிருச்சா?"

"இல்ல. போட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எதுக்கு?"

"பழகறேன். அந்த அட்டையக் குடு."

கொடுத்தாள். நாலையும் போட்டேன். அவள் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஷெட்டில் முதல் மூன்று நாள் கை விடவில்லை; பழையபடி இறக்கித்தான் வைத்தேன். நாலாம் நாள் ராடு பின்னால் சாய்ந்தது. அடுத்த நிமிஷம் முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி கேட்டது. நான் ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தேன். கை காலியாக இருந்தது. எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். ராடு பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது.

"ம். இன்னொரு தரம்" என்றது அந்தப் பிள்ளை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் போட்டாயிற்று. கை சொன்ன பேச்சைக் கேட்டது.

போன மாசம், காலை நேரம். அதே வரிசை. மறுபடி குழாய் ஒழுகியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. கையில் ஆறு அட்டை. கால் வழுக்கியது. பார்த்தால், நான் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு கையும் கூண்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறது. ஆறு அட்டையும் கீழே.

கோழி எல்லாம் ஒரு நிமிஷம் கப்பென்று அடங்கிவிட்டது. அப்புறம் மொத்தமாகக் கத்த ஆரம்பித்தது. மஞ்சள் ஓடிவந்து என் கால் விரலைத் தொட்டது. வெதுவெதுவென்று இருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாராச்சும் இடிச்சுட்டாங்களா?"

"இல்லீங்கண்ணா. கால் வழுக்குச்சு. உட்டுட்டேன்."

"உட்டுட்டயா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீயா?"

நான் குனிந்து அட்டைகளைப் பொறுக்கினேன்.

"நாளையிலிருந்து தீவன ரூமுக்குப் போ. முட்டைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முழங்காலை மடக்கிப் பார்த்தேன். முழங்கையை நீட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஒன்றுமில்லை. மறுபடி மடக்கிப் பார்த்தேன்.

முட்டை உடைந்ததையும் தீவன ரூமுக்கு மாற்றியதையும் சாயங்காலம் ஷெட்டில் சொன்னேன்.

"அடி பட்டுச்சாக்கா?"

"இல்ல."

"எங்கயுமா?"

"எங்கயும் இல்ல."

அந்தப் பிள்ளை கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தது. "உங்க வேலைய நான்தான் மாத்திட்டேன்" என்றது.

"அங்க மூட்டைதான் அம்மிணி. உடையாது."

இப்போது பண்ணைக்கு யாராவது வந்தால் சூப்பர்வைசர் என்னைக் காட்டுவதில்லை. தீவன ரூம் வாசலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். நான் உள்ளே மூட்டையைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருப்பேன். முக்கால்வாசியை வைக்கிறேன். சிலதைப் போடுகிறேன்.