காய்ச்சிக் குடிக்கச் சொன்னவர்

அஞ்சிப் பழகிய ஒருவர் வேலையை மாற்றிக்கொண்டால் அச்சமும் அவரை விட்டுப் போய்விடுமா? லூர்துநாதனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

திண்டிவனத்துக்காரர். 1993 முதல் பதினாறு ஆண்டுகள் வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களில் இருந்தார். கலவரமோ காய்ச்சலோ வந்தால் அங்குள்ள இந்தியர்களுக்கு அறிவிப்பு எழுதுவது அவர் பொறுப்பு. படிப்பவர் பதறக் கூடாது, பின்னால் யாரும் குறை சொல்லவும் கூடாது. அப்படி எழுதுவதைத் திறமை எனலாம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை. 2009இல் அந்தப் பணியை விட்டு, நிலத்தடி நீர் ஆய்வுக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளையின் இயக்குநராக ஊர் திரும்பினார்.

2011 கோடையில் ஓமந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கிணற்று நீரைச் சோதித்தார்கள். வயலுக்குப் போட்ட உரம் இறங்கி, கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கும் நைட்ரேட் மிகுந்திருந்தது. ‘கைக்குழந்தைகளுக்கு இந்த நீரைக் கொடுக்காதீர்கள்’ என்று எழுதித் தந்துவிட்டு ஆய்வாளர் ஜெர்லின் சென்னைக்குப் போனார். ஊரில் பீதி கிளம்பும் என்று லூர்துநாதன் அந்த வரியை அடித்தார். தூதரகத்தில் எழுதி எழுதிக் கை பழகிய வேறொரு வரியைச் சேர்த்தார்: ‘நீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.’

ஒரு வாரம் கழித்துத் திரும்பிய ஜெர்லின் அச்சடித்த நோட்டீஸோடு அவர் அறைக்கு வந்தார்.

“இந்த லைன் யாரு சார் போட்டது?”

“நான்தான். எங்கயும் சொல்றதுதானேம்மா.”

“கொதிக்க வச்சா தண்ணிதான் சார் சுண்டும். நைட்ரேட் போகாது, இன்னும் கூடும்.”

லூர்துநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். “அந்த ஊர்ல புட்டிப்பால் குடிக்கிற குழந்தை இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. வெண்ணிலாவோடது. நாப்பது நாள்.”

கார் போய்ச் சேர அரைமணி நேரம் ஆனது. வீட்டு வாசலில் வெண்ணிலாவும் மாமனார் துரைக்கண்ணுவும் நின்றிருந்தார்கள்.

“வாங்க சார். நோட்டீஸ்ல போட்டாப்பல நல்லா கொதிக்க வச்சிக்கினுதான் பவுடர் பால் கலக்கறேன்” என்றாள் அவள்.

“நான் சொன்னா கேக்க மாட்டா சார். ஃபாரின்காரரு சொன்னா ஒடனே கேப்பா” என்று துரைக்கண்ணு சிரித்தார்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் லூர்துநாதன் வார்டு வாசலை விட்டு நகரவில்லை. துரைக்கண்ணு டீ வாங்கிக் கொடுத்து, “நீங்க ஜல்தியா வந்ததாலதான் சார் புள்ள பொழைச்சிது” என்றார். அந்த டீயை அவரால் குடிக்க முடியவில்லை.

பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டு, புதியதில் அச்சுப்பிழை என்று போடும்படி அறங்காவலர்கள் சொன்னார்கள். ஊரில் எவருக்கும் உண்மை தெரியாது. ஜெர்லினும் வாய் திறக்கவில்லை. புதிய நோட்டீஸை லூர்துநாதனே கொண்டுபோய் ஒட்டினார். முதல் ஒட்டு, துரைக்கண்ணு வீட்டுச் சுவரில். குழந்தைகளுக்கு அந்த நீரைக் கொடுக்கக் கூடாது என்ற வரிக்குக் கீழே இப்படி இருந்தது: ‘காய்ச்சச் சொன்னது தவறு. அதை எழுதியவர் இயக்குநர் லூர்துநாதன்.’

ஏன் என்று அறங்காவலர்கள் இருமுறை கடிதம் எழுதிக் கேட்டார்கள். இரண்டு முறையும் அவர் அந்த நோட்டீஸில் ஒரு படியை உறையில் போட்டு அனுப்பினார்.